வளவைச் சுற்றி நடந்தாலும் நடைதான்

கேள்வி: என் சின்னம்மாவுக்கு 58 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை நடக்கிறது. விசேஷ வீடுகளில் பலகாரமாகத் தின்றதால்தான் வந்தது என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். எனக்கு 51, மாதவிலக்கு நின்று இரண்டு வருஷத்தில் 9 கிலோ கூடிவிட்டேன். மகள் சிங்கப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். நாங்கள் எதை விட வேண்டும்?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, அந்தப் பேச்சு சின்னம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததையும் வயதையும் தவிர வேறு காரணமே சொல்ல முடிவதில்லை. கந்தரப்பத்தின் மேல் பழி போட்டு, நோயில் கிடப்பவரைக் குற்றவாளியாக்குவது பெரிய கொடுமை.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்த 9 கிலோதான். மாதவிலக்கு நின்றதும் சினைப்பை ஓய்ந்துவிடும், ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும், மார்பகப் புற்றுகளில் பெரும்பாலானவை வளர்வது அந்த ஈஸ்ட்ரோஜனை வைத்துத்தான். அதனால் வாரத்துக்கு 150 நிமிஷமாவது, லேசாக மூச்சு வாங்குகிற வேகத்தில் நடங்கள். வெயில், தெருநாய் என்று தயங்கினால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாமே! நம் செட்டிநாட்டு வீடுகளை ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றி அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், கணக்கு சரியாகிவிடும்.

பலகாரத்தை அடியோடு விட வேண்டாம். டின் டின்னாக வாங்கி அடுக்கி வைக்காதீர்கள், அவ்வளவுதான். கவுனி அரிசி சத்தானது என்று தினமும் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்டுச் சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும்?

மகளுக்கு இரண்டு செய்தி. தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு இந்த ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைகிறது, முடிந்தவரை கொடுக்கட்டும். அப்புறம், ஒயின் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மது கொஞ்சம் என்றாலும் இந்த ஆபத்து கூடும்.

இவ்வளவு செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர இல்லாமல் போகாது. வலியில்லாத கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுப்பு, ரத்தக் கசிவு, இதில் எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். கல்யாணம் முடியட்டும், நோன்பு முடியட்டும் என்று மறைத்து வைத்துக் கட்டியை முற்றவிட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. உங்கள் அப்பா வழியிலும் யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்ததா என்று விசாரியுங்கள், அந்த வழியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை சின்னம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இந்த விவரங்களைச் சொல்லி உங்கள் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு வாருங்கள்.