தொடங்கி வைத்தவர்களும் உடன் வந்தவர்களும்

அன்புள்ள ஐயா,

நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து வார இறுதிகளில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் வாசிக்கிறோம். மேடையேறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்களைப் போன்ற அமெச்சூர் இசைஞர்கள் மீது மிகுதியாகச் செல்வாக்குச் செலுத்திய குழு எது, கலைஞர் யார் என்று அண்மையில் பேச்சு எழுந்தது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ராக் குழுக்களான லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட் ஆகிய மூன்று பெயர்களில் விவாதம் நின்றுவிட்டது. ஹென்ட்ரிக்ஸின் வாசிப்பைப் பல ஆண்டுகளாகப் பயின்றும் எனக்கு அது கைகூடவில்லை என்பதால் சோர்வும் இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்


அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிட்ட மூவரும் பெரியவர்கள்தாம். ஆனாலும் உங்கள் கேள்விக்கு அவர்கள் விடையாக மாட்டார்கள் என்று எண்ணுகிறேன். ஒருவர் எத்தனை பேரைத் தம் இசையைக் கேட்க வைத்தார் என்பது ஒரு கணக்கு. எத்தனை பேரைக் கருவியைக் கையில் எடுக்க வைத்தார் என்பது இன்னொரு கணக்கு. உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்று பார்த்தாலே இது தெளிவாகும். லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் 1957இல் பிபிசி தொலைக்காட்சியில் சிறுவனாகத் தோன்றியபோது, ஒரு ஸ்கிஃபிள் குழுவில், அதாவது எளிய கருவிகளையும் வீட்டுப் பொருள்களையும் வைத்து அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களை வாசிக்கும் குழுவில், கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். பெரியவனானதும் உயிரியல் ஆய்வு செய்ய விரும்புவதாக அந்நிகழ்ச்சியில் சொன்னார். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர், நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் வெளியிட்ட கிட்டார் பாடத்தை வைத்துக்கொண்டு வாசிக்கக் கற்றவர்.

ஆகவே தொடங்கி வைத்தவர் என்ற முறையில் நான் முதலில் சொல்லும் பெயர், பிரிட்டனில் ஸ்கிஃபிள் அலையை எழுப்பிய லோனி டோனகன். கிளாஸ்கோவில் பிறந்து லண்டனில் வளர்ந்த இவர், கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவில் பாஞ்சோ வாசித்தவர். 1954 ஜூலையில் அக்குழு டெக்கா நிறுவனத்துக்காக ஒரு தொகுப்பைப் பதிவுசெய்தபோது, டோனகன் கிட்டாரை எடுத்துப் பாட, பார்பர் பேஸ் வாசிக்க, பெரில் பிரைடன் துணி துவைக்கும் அலைத்தகட்டை உரசித் தாளம் கொடுக்க, ‘ராக் ஐலண்ட் லைன்’ பதிவானது. 1930களில் அமெரிக்காவின் ஆர்கன்சா சிறையில் கைதிகள் பாடிக் கேட்டுப் பதிவுசெய்யப்பட்டு, பின்னர் நாட்டுப்புறப் பாடகர் லெட்பெல்லி வழியாகப் பரவிய பாடல் அது. 1955 இறுதியில் தனி இசைத்தட்டாக வெளிவந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடத்தை எட்டியது.

இப்பதிவு அன்றைய பிரிட்டிஷ் சிறுவர்களுக்கு என்ன செய்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த நாட்டின் அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு முற்றாக நீங்கியதே அதே 1954 ஜூலையில்தான். டாலர் பற்றாக்குறையால் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு இருந்த தடை 1959 வரை நீடித்தது. அப்படிப்பட்ட நாட்டில், சலவைத் தகடும், காலித் தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கழியை நட்டுக் கயிறு கட்டிச் செய்த பேஸும், மூன்று கார்டுகள் (chord, சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் பிடிகள்) தெரிந்த ஒரு பையனின் மலிவான கிட்டாரும் இருந்தால் வானொலியில் கேட்ட அதே ஒலியைத் தாமும் எழுப்பலாம் என்று தெரிந்தபோது, தெருவுக்குத் தெரு குழுக்கள் முளைத்தன. அவற்றின் எண்ணிக்கையை 30,000 முதல் 50,000 வரை மதிப்பிடுவார்கள்.

லிவர்பூலில் ஜான் லெனன் 1956இல் தொடங்கிய, பின்னாளில் பீட்டில்ஸ் ஆக மாறிய குவாரிமென் அவற்றுள் ஒன்று. தாய் ஜூலியா கற்றுக்கொடுத்த பாஞ்சோ கார்டுகளையே லெனன் கிட்டாரில் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னர் அக்குழுவில் சேர்ந்த பால் மெக்கார்ட்னி தந்தை வாங்கித் தந்த டிரம்பெட்டைக் கொடுத்துவிட்டுக் கிட்டார் வாங்கினார், ஏனென்றால் டிரம்பெட் ஊதிக்கொண்டு பாட முடியாது. பி7 என்ற ஒரே ஒரு கார்டைத் தெரிந்தவர் ஊரின் மறுகோடியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதைக் கற்க நண்பர்களோடு பேருந்தேறிச் சென்றதை மெக்கார்ட்னி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இசைப்பள்ளியோ ஆசிரியரோ இல்லாத ஓர் உலகில் அறிவு இப்படித்தான் கைமாறியது என்பதால், இந்தச் செய்தியை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

செல்வாக்கைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். டோனகனைக் கேட்டு லெனனும் பேஜும் வந்தார்கள், ஆகவே டோனகன் முக்கியமானவர் என்பது அவர்களுடைய வாதம். அதை நான் ஏற்கவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்றவர்களைக் கொண்டு அளந்தால், அமெச்சூர்களைப் பற்றிய கேள்வியில் அமெச்சூர்களே காணாமல் போய்விடுகிறார்கள். அந்த ஆயிரக்கணக்கான குழுக்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே கலைந்தன. 1958 முடிவதற்குள் ஸ்கிஃபிள் அலை வடிந்துவிட்டது. மூன்று கார்டுகளைக் கற்ற பையனுக்கு நான்காவது படியை அந்த இசை காட்டவில்லை என்பதே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. தேறியவர்கள் ராக் அண்ட் ரோலுக்குப் போனார்கள், மற்றவர்கள் வேலைக்குப் போய்க் கிட்டாரைப் பரணில் போட்டார்கள்.

வாழ்நாள் முழுவதும் அமெச்சூராகவே வாசிக்கும் மனிதனை உருவாக்கியவர் யார் என்று கேட்டால், தயக்கமின்றி தி வெஞ்சர்ஸ் குழுவைச் சொல்வேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நகரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த டான் வில்சனும் பாப் போகிலும் அடகுக் கடையில் இரண்டு கிட்டார்களை வாங்கி வாசிக்கத் தொடங்கினார்கள். 1960இல் அவர்களுக்குப் புகழ் தந்த ‘வாக், டோன்ட் ரன்’ ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜானி ஸ்மித் இயற்றியது. இன்னொரு கிட்டார் கலைஞரான செட் அட்கின்ஸ் வாசித்த வடிவத்தைக் கேட்ட இருவரும், அவருடைய விரல் நுட்பம் தங்களுக்கு வராது என்பதால், மெட்டை ஒரு கிட்டாருக்கும் தாளக் கார்டுகளை இன்னொரு கிட்டாருக்கும் பிரித்து எளிமைப்படுத்தினார்கள். அந்த வடிவம் அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடத்தைப் பிடித்தது. தாங்களே அமெச்சூர்களாக இருந்து, ஒரு மேதையின் இசையைத் தங்கள் கைக்கு அடங்கும்படி மாற்றியவர்கள் என்பதால்தான் அவர்களுடைய பதிவு மற்ற அமெச்சூர்களுக்கும் கைகொடுத்தது. ஒவ்வொரு கருவியும் அதில் தனியாகக் கேட்கும்; பாட்டும் இல்லை, ஆகவே குரல்வளம் இல்லாதவருக்கும் ஆங்கிலம் தெரியாதவருக்கும் அது தடையாக இருக்கவில்லை.

ஜப்பானில் நடந்தது இதற்குச் சான்று. 1962இல் செலவு கருதி வில்சனும் போகிலும் மட்டுமே அங்கே அழைக்கப்பட்டார்கள். 1965 ஜனவரியில் குழுவின் மற்ற இருவரான நோக்கி எட்வர்ட்ஸ், மெல் டெய்லர் ஆகியோருடன் முழுக் குழுவாக, மோஸ்ரைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மின் கிட்டார்களை ஏந்திச் சென்றபோது நாடே ஆட்கொள்ளப்பட்டது. தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு வேகமாக மீட்டியபடி இடக்கையைக் கீழே வழுக்கும்போது எழும் ஒலியை ‘தெக்கெ தெக்கெ’ என்று பையன்கள் வாயாலேயே இசைத்தார்கள். டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் மின் கிட்டார்களை விற்றுக் குவித்தன. அமெச்சூர் குழுக்கள் மோதும் போட்டி நிகழ்ச்சியை ஃபுஜி தொலைக்காட்சி அதே ஆண்டில் தொடங்கியது. பெரியவர்கள் அஞ்சினார்கள்; ஆஷிகாகா நகரக் கல்வி வாரியம் மாணவர்கள் மின் கிட்டார் வாங்குவதற்கும் குழு அமைப்பதற்கும் தடை விதித்தது. ஓர் இசைக்குழு வந்துபோனதற்காகக் கல்வி வாரியம் அஞ்ச நேர்ந்தது என்பதைவிடச் செல்வாக்குக்கு நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையன்களில் மிகச் சிலரே தொழில்முறை இசைஞர்கள் ஆனார்கள். மற்றவர்கள் அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய், குடும்பம் நடத்தி, நடுவயதிலும் ஓய்வுக்காலத்திலும் மீண்டும் நால்வராகக் கூடி அதே மெட்டுகளை வாசித்தார்கள். வெஞ்சர்ஸ் குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஜப்பானுக்குச் சென்று வாசித்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1965இல் அவர்கள் வெளியிட்ட கிட்டார் பயிற்சி இசைத்தட்டை நான் மதிக்கிறேன். தங்கள் மெட்டுகளைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்த அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. தம் தொழிலின் நுணுக்கத்தை மறைத்து வைத்துக்கொள்ளாமல் விரல் வைக்கும் இடத்தைக்கூடச் சொல்லிக்கொடுத்த கலைஞர்களுக்கு வரலாற்றில் இன்னும் உயர்ந்த இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எளிய, ஆவேசமான ராக் வகையான பங்க் இசையைச் சொல்லவில்லையே என்று உங்கள் நண்பர்கள் கேட்கக்கூடும். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்ததைக் கேட்ட சிறு கூட்டத்திலிருந்து பல குழுக்கள் பிறந்தன. பின்னாளில் ஜாய் டிவிஷன் குழுவில் பேஸ் வாசித்த பீட்டர் ஹுக் மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கினார். 1977 ஜனவரியில் ஒரு ரசிகர் இதழ் மூன்று கார்டுகளின் படத்தைப் போட்டு, இனி குழு தொடங்குங்கள் என்று எழுதியது. இருந்தாலும் இது டோனகன் இருபது ஆண்டுகளுக்கு முன் திறந்த கதவு என்பதால் நான் முன்னால் வைக்கவில்லை.

உங்கள் சோர்வுக்கு வருகிறேன். ஹென்ட்ரிக்ஸின் வாசிப்பில் தாளமும் மெட்டும் ஒரே கையில் பின்னிக் கிடப்பதால் அது தனி மனிதரின் கலை. நால்வர் கூடும் உங்கள் மாலைப்பொழுதில் மற்ற மூவருக்கு அதில் வேலை குறைவு. அதைக் கைவிட வேண்டாம், தனியாகப் பயிலுங்கள். குழுவாகக் கூடும்போது ‘வாக், டோன்ட் ரன்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கிவரும் நான்கு கார்டுகளை முதலில் ரிதம் கிட்டார் உறுதியாகப் பிடிக்கட்டும், பேஸ் அதன் அடிச்சுரங்களை மட்டும் தொடரட்டும், டிரம்ஸ் வேகம் கூடாமல் பார்த்துக்கொள்ளட்டும். மெட்டு வாசிப்பதை ஒருவரிடமே விட்டுவைக்காமல், கிட்டார் வாசிக்கும் இருவரும் வாரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.