ஓஈஆர் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

வணக்கம். திறந்த கல்வி வளங்கள், சுருக்கமா ஓஈஆர், இதை வகுப்புக்குள்ள கொண்டுவர்ற வேலையில ரொம்ப நாளா இருக்கேன். வந்த கேள்விகளை ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

கணக்கு டீச்சர்: மேடம், நெட்ல ஃப்ரீயா கிடைக்கிற பிடிஎஃப் எல்லாமே ஓஈஆர் தானா?

இல்லைங்க. ஃப்ரீயா படிக்கலாம்ங்கறது வேற, அதை எடுத்து மாத்தி எழுதி அச்சடிச்சு பிள்ளைங்க கையில குடுக்கலாம்ங்கறது வேற. ரெண்டாவதுக்கு அனுமதி இருந்தாதான் ஓஈஆர். புக்கோட முதல் ரெண்டு மூணு பக்கத்துல உரிமம் என்னன்னு பாருங்க. சிசி பைன்னு, அதாவது 'பேரைப் போட்டா போதும்'ங்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமம்னு இருந்தா, எழுதினவங்க பேரைப் போட்டு, என்ன மாத்தினோம்னு சொல்லிட்டு தாராளமா பயன்படுத்தலாம். கூடவே என்டின்னு, அதாவது 'மாத்தி வெளியிடக் கூடாது'ன்னு இருந்தா மொழிபெயர்ப்பைக் கூட வெளியிட முடியாது. தமிழ்ல வேணும்னு நினைக்கிற நமக்கு அது உதவாது.

சேலத்துக்காரன்: வளரும் நாடுகள்ல எங்கயாச்சும் கவர்மெண்டே இதை எடுத்து ஸ்கூலுக்கு குடுத்திருக்கா?

குடுத்திருக்காங்க, தென்னாப்பிரிக்காவுல. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. 2002ல கேப் டவுன் யுனிவர்சிட்டில பிஸிக்ஸ் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த சில மாணவர்கள், மார்க் ஹார்னர் அதுல ஒருத்தர், பள்ளிப் பிள்ளைங்களுக்கு இலவச சயின்ஸ் புக் எழுத ஆரம்பிச்சாங்க, தன்னார்வலர்கள் நிறைய பேர் வந்து சேர்ந்தாங்க, பின்னாடி ஷட்டில்வொர்த் ஃபவுண்டேஷன்ங்கிற அறக்கட்டளை ஆதரவுல அது சியாவுலாங்கிற அமைப்பா வளர்ந்துச்சு. அந்தப் பேருக்கு 'நாங்க திறக்கிறோம்'னு அர்த்தம். அவங்களோட 10லிருந்து 12ம் வகுப்பு வரைக்கும் உள்ள கணக்கு, சயின்ஸ் புக்கை அந்த நாட்டு கல்வித்துறையே அச்சடிச்சு பள்ளிகளுக்கு அனுப்பினாங்க.

ஏன் எடுபட்டுச்சுன்னு கேட்டா, ஒண்ணு, அந்த நாட்டு சிலபஸுக்குன்னே எழுதினது, வெளியூர் புக்கை இறக்கி ஒட்டவைக்கல. இன்னொண்ணு, ராயல்டி கிடையாது, அச்சுக்கும் லாரிக்கும்தான் செலவு. அப்புறம் முக்கியமா, பேப்பர்ல போச்சு! ஓஈஆர்னாலே டேப்லெட்னு நினைக்கிறவங்க இதை கவனிக்கணும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் புக் போய்ச் சேந்துச்சு.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, எங்கட பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் இருக்கு, இன்டர்நெட் ஒழுங்கா இல்லை. என்ன செய்யலாம்?

தம்பி, கோலிப்ரின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. நெட் இருக்கிற இடத்துல பாடங்களை ஒரு தடவை இறக்கிட்டு வந்துட்டா, ஒரு பழைய லேப்டாப்போ ராஸ்பெரி பைங்கிற கையடக்க கொம்பியூட்டரோ சர்வரா நிக்கும், மத்த கொம்பியூட்டரெல்லாம் லோக்கல் வைஃபைலயே எடுத்துக்கும். விக்கிப்பீடியாவை நெட் இல்லாம படிக்க கிவிக்ஸ்னு இன்னொரு மென்பொருள். சயின்ஸ் சோதனையை கொம்பியூட்டர் திரையிலயே செஞ்சு பாக்க ஃபெட் சிமுலேஷன், அதுல தமிழ்லயும் இருக்கு, நெட் இல்லாமலும் ஓடும். முதல்ல ஒரே ஒரு பாடத்துக்கு வச்சுப் பாருங்கோ.

பிஎட் மாணவி: விக்கிப்பீடியாவுல கொஞ்சம், அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டி இலவசமா போடுற ஓப்பன் கோர்ஸ்வேர் பாடங்கள்ல கொஞ்சம் எடுத்து ஒரே நோட்ஸா கலந்து வெளியிடலாமா?

கலந்து ஒரே எழுத்தா ஆக்கி வெளியிட முடியாதுமா. விக்கிப்பீடியா சிசி பை எஸ்ஏ, எம்ஐடியோடது சிசி பை என்சி எஸ்ஏ. ரெண்டுலயும் இருக்கிற எஸ்ஏ 'என்னை மாத்தினா என் உரிமத்துலயே வெளியிடு'ன்னு சொல்லுது, ஒண்ணு வியாபாரத்துக்கு விடுது, என்சி இருக்கிற இன்னொண்ணு விடல, அதனால சேராது. ரெண்டையும் தனித்தனியா, அதது உரிமத்தோட, ஒரே தொகுப்புல வைக்கலாம்.

பேர் வேண்டாம்: யார் வேணா எழுதலாம்னா தப்பு வருமே?

உரிமத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸ்ங்கிற அமெரிக்க அமைப்போட இலவச பாடப்புக் எல்லாம் அந்தந்தப் பாடப் பேராசிரியர்கள் சரிபாத்து வர்றது, தப்பைச் சொன்னா ஆன்லைன் பதிப்புல திருத்துவாங்க. நம்ம ஊருக்கு பிரச்சினை வேற, உதாரணமெல்லாம் டாலர்லயும் மைல்லயும் இருக்கும், அதை நாமதான் மாத்தணும்.

தலைமை ஆசிரியர்: மாத்துறதுக்கு எங்க டீச்சர்ங்களுக்கு நேரம் எங்கம்மா இருக்கு?

நியாயமான கேள்வி சார். எத்தனையோ நல்ல முயற்சி இங்கதான் நின்னுபோகுது, மெட்டீரியல் இலவசம்னு சொல்லிட்டு டீச்சரோட உழைப்பையும் இலவசமா எதிர்பாக்கறாங்க, அது தப்பு. வாரத்துல ரெண்டு பீரியடாவது இதுக்குன்னு நீங்க ஒதுக்கிக் குடுக்கணும். தொடக்க வகுப்பு டீச்சர்னா பிரதம் புக்ஸ் பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர்ங்கிற இலவச கதை வெப்சைட்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க, தமிழ்க் கதைகள் சிசி பைல ரெடியா இருக்கு, அப்படியே பிரிண்ட் எடுத்து நாளைக்கே வாசிக்க வைக்கலாம்.