வெளியாகாமலே போன பழைய விளையாட்டு வீடியோ கேம்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியின் ரியல்ஸ்போர்ட்ஸ் பாஸ்கெட்பால். 80-களின் தொடக்கத்தில் வரவேண்டியது, கடைக்கு வரவே இல்லை.

அட்டாரியின் 2600 என்ற வீட்டு கேம் கன்சோலுக்கு 1978-லேயே ஒரு கூடைப்பந்து கேம் உண்டு, ஆலன் மில்லர் எழுதியது. ஒருவருக்கு எதிராக ஒருவர், அவ்வளவுதான். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கன்சோலின் வீடியோ சில்லில் ஆட்டக்காரர்களை வரைய இரண்டே ஸ்பிரைட்டுகள், அதாவது திரையில் தனியாக நகரக்கூடிய சிறு உருவங்கள். ரேம் மொத்தமே 128 பைட்! திரையில் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று நின்றால் அதே ஸ்பிரைட்டை மறுபடி பயன்படுத்தி ஆள் சேர்த்துவிடலாம். ஆனால் கூடைப்பந்தில் எல்லோரும் கூடைக்குக் கீழேதான் முண்டியடிப்பார்கள். ஒரே வரிசையில் நாலு பேர் வந்தால் உருவங்கள் மினுக்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம் பொம்மை நிறுவனமான மேட்டலின் போட்டிக் கன்சோல் இன்டெலிவிஷன் வந்தது. ஜார்ஜ் பிளிம்ப்டன் என்ற எழுத்தாளரை டிவி விளம்பரத்தில் உட்கார வைத்து, இரண்டு கன்சோல்களின் பேஸ்பாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினார்கள். அட்டாரியின் பேஸ்பால் கேமான ஹோம் ரன்னில் ஃபீல்டர்கள் கயிற்றில் கட்டியது போல ஒன்றாகவே நகர்வார்கள். இன்டெலிவிஷனிலோ ஒன்பது பேரும் மைதானத்தில் நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. விளம்பரத்தில் இவ்வளவு நேரடியாக மானத்தை வாங்கியது அந்தத் துறைக்குப் புதுசு என்றே நினைக்கிறேன்.

அதற்கு அட்டாரி கொடுத்த பதில்தான் ரியல்ஸ்போர்ட்ஸ் வரிசை. 1982-ல் பேஸ்பால், வாலிபால், அமெரிக்க ஃபுட்பால். 1983-ல் டென்னிஸ், சாக்கர். 2600-க்கும் அடுத்த கன்சோலான 5200-க்கும் பாஸ்கெட்பால் தயாராகிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் வாலிபாலை விட அதைத்தான் முதலில் முடித்திருக்க வேண்டும். 1983-ல் அமெரிக்க கேம் சந்தையே சரிந்தது. அட்டாரிக்கு அந்த ஆண்டில் மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 1984 ஜூலையில் அதன் உரிமையாளரான வார்னர் நிறுவனம் அட்டாரியின் வீட்டு கேம், கம்ப்யூட்டர் பிரிவை கொமடோர் கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் டிராமியலுக்கு விற்றுவிட்டது.

சரி, இன்று எப்படி ஆடுவது? இரண்டு கன்சோல்களுக்குமான புரோட்டோடைப் (சோதனை மாதிரி) கார்ட்ரிட்ஜ்கள் பின்னாளில் சேகரிப்பாளர்களிடம் கிடைத்தன. அந்தக் காலத்து புரோட்டோடைப்புகளில் பொதுவாக இருப்பது ஈப்ராம் என்ற, அழித்து எழுதக்கூடிய நினைவகச் சில்லு. அதன் கண்ணாடிச் சன்னலில் புற ஊதாக் கதிர் பட்டால் அழியும், சும்மா வைத்திருந்தாலும் பல பத்தாண்டுகளில் மின்னேற்றம் கசிந்து கெடும். அதனால்தான் கிடைத்தவுடன் நகலெடுத்து வைக்கிறார்கள். அந்த நகல்களைக் கம்ப்யூட்டரில் ஓட்ட, பழைய கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் உண்டு: 2600 கேமுக்கு ஸ்டெல்லா, 5200-க்கு அட்டாரி800. இரண்டாவதை ஒரிஜினல் கன்சோலில் ஆட ஆசைப்பட வேண்டாம். அதன் ஜாய்ஸ்டிக் கையை எடுத்தால் நடுவுக்கே திரும்பாது.