மரபணு சொல்கிறது, மடிப்பது யார்?

கேள்வி: மன்னார்குடி அருகே பிளஸ் டூ விலங்கியல் நடத்துகிறேன். கருவில் தட்டையான தாளாக இருக்கும் செல் அடுக்கு குழாயாக மடிய மரபணு காரணம் என்றேன். "மரபணு சொல்லும் சார், மடிக்கிறது யாரு?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆய்வுக்கருவி இல்லாமல் இதை எப்படிக் காட்டுவது?

பதில்: அருமையான கேள்வி, அவளைப் பாராட்டுங்கள். மடிப்பது செல்கள்தான், அதுவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.

பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லின் மேல்முனையில் உள்ள ஆக்டின் என்ற புரத இழைகள்தான் நாடா. அதை இழுப்பது மயோசின் என்ற புரதம். மேல்பக்கம் குறுகினால் உள்ளே இருப்பது அடிப்பக்கம் இறங்கும். செல் ஆப்பு வடிவமாகும். ஒரே ஒரு செல் சுருங்கினால் தாள் மடியாது. பக்கத்துச் செல்களோடு கேட்ஹெரின் புரதத்தால் கோத்திருப்பதால் இழுவை வரிசை முழுக்கப் பரவுகிறது.

பழ ஈயின் கருவில், முட்டையிட்டுச் சுமார் 3 மணி நேரத்தில், ஏறக்குறைய 6,000 செல்கள் ஒரே அடுக்காக இருக்கும். வயிற்றுப் பக்கச் செல்களில் ட்விஸ்ட், ஸ்னெயில் மரபணுக்கள் இயங்கியதும் அங்கே பள்ளம் விழுகிறது. மரபணுவின் பங்கு, யார் இழுக்க வேண்டும் என்று சொல்வது. செல்கள் ஒரே மூச்சில் இழுப்பதில்லை. கிணற்றில் நீர் சேந்துவதுபோல இழுத்து, பிடித்து, மறுபடி இழுக்கின்றன.

சரி, வகுப்புக்கு வருவோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஒரே அளவில் 10 துண்டுகளாக வெட்டி நெருக்கமாக வரிசை வையுங்கள். நெல் மூட்டை தைக்கும் கோணி ஊசி டெல்டாவில் கிடைக்காத ஊரில்லை. மேல்விளிம்பை ஒட்டி ஒரு நைலான் நூல், கீழ்விளிம்பை ஒட்டித் தளர்வாக இன்னொன்று கோத்துவிடுங்கள். நுனிகளில் சட்டைப் பொத்தான் கட்டுங்கள், இல்லாவிட்டால் முடிச்சு ஸ்பாஞ்சுக்குள் போய்விடும். மேல்நூலை இழுத்தால் வரிசை தொட்டிபோல வளையும். அப்புறம் மேல்நூலை நடுவில் வெட்டச் சொல்லுங்கள், வரிசை விருட்டென்று நிமிரும். கருவில் லேசரால் வெட்டினாலும் விளிம்புகள் இப்படித்தான் விலகுகின்றன.

ஸ்பாஞ்சு காட்டாத ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். இழுபடும் செல் சும்மா இருப்பதில்லை. இணைப்பிடத்திலுள்ள ஆல்ஃபா கட்டெனின் புரதம் இழுவையில் விரிகிறது; அதில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டி இன்னும் ஆக்டினைச் சேர்க்கிறது. இதற்கு இரண்டு மாணவிகள் போதும். கைகோத்து நிற்கவைத்து, ஒருத்தியை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். மற்றவளின் விரல்கள் இறுகுவதை எல்லோரும் கிட்ட வந்து பார்க்கட்டும்.