வீட்டின் முன்பிருந்த மணல் எங்கே போனது?

கேள்வி: புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. என் சிறுவயதில் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே கரைவலையை விரித்துக் காயவைக்கும் அளவுக்கு மணற்பரப்பு இருந்தது. இன்று படகை ஏற்றி வைப்பதற்கே இடம் போதவில்லை. போன மணல் திரும்பி வருமா? எங்கள் மனைக்கு முன்னால் மட்டும் கருங்கல் கொட்டலாமா, அல்லது லாரியில் மணல் கொண்டுவந்து நிரப்பலாமா?

பதில்: கல் கொட்ட வேண்டாம், லாரி மணலுக்கும் பணத்தைச் செலவிட வேண்டாம். போன மணல் திரும்புமா என்ற கேள்விக்கு மட்டும் ஒரே சொல்லில் பதில் கூற இயலாது. அது மழைக்காலத்தில் போய்க் கோடையில் வரும் மணலா, அல்லது உங்கள் ஊருக்கு வந்து சேராமல் தெற்கேயே நின்றுவிட்ட மணலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

கரையில் ஒரு பிடி மணலை எடுத்துக் காயவைத்து, வெள்ளைத்தாளில் பரப்பிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கண்ணாடித்தூள் போல ஒளி ஊடுருவும் மணிகளே மிகுதியாக இருக்கும், அவை குவார்ட்ஸ். இடையிடையே தென்படும் இளஞ்சிவப்பு மணிகள் கார்னெட், கருமணிகள் பெரும்பாலும் இல்மனைட், வெண்ணிறத் துணுக்குகள் சிப்பியும் சங்கும் உடைந்தவை. உள்நாட்டு மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்தபோது அவற்றின் மென்மையான கனிமங்கள் களிமண்ணாகிக் கடலின் ஆழத்துக்குப் போய்விட, எளிதில் தேயாத குவார்ட்ஸ் மட்டும் ஆற்றோடு உருண்டு கரைக்கு வந்து சேர்ந்தது. உங்கள் கரைக்குப் பெண்ணையாறும் கெடிலமும், இன்னும் தெற்கே கொள்ளிடமும் காவிரியும் காலங்காலமாக அப்படி மணல் அளித்து வந்தவை. 1934-இல் மேட்டூர் அணை வந்தது, பின்னர் சாத்தனூர் அணை வந்தது; அணைக்குக் கீழே எஞ்சிய மணலையும் ஆற்றுப்படுகையிலிருந்து அள்ளிக் கட்டடங்களுக்குக் கொண்டுபோனோம். ஆகவே கரைக்கு வரும் புதுமணல் முன்பே குறைந்துவிட்டது.

புயலுக்குப் பின் கரையில் கறுப்புப் பட்டை ஒன்று படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கப்பல் எண்ணெய் என்றும் சாக்கடைக் கழிவு என்றும் பலர் எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது எடை மிகுந்த கருமணலே ஆகும். எடை குறைந்த குவார்ட்ஸை அலை இழுத்துச் சென்றுவிட, இல்மனைட் போன்ற கனத்த மணிகள் பின்தங்கி நிற்கின்றன. கரை அண்மையில் அரிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இனி மணலின் நடமாட்டம். காற்றமைதியான ஒரு காலைப்பொழுதில் அலை ஓரத்தில் நின்று நுரையைக் கவனியுங்கள். ஆடி மாதமானால், அது தென்கிழக்கிலிருந்து சாய்வாகக் கரையேறும். இறங்கும்போதோ சரிவின் வழியே நேராகக் கடலுக்குத் திரும்பும். அதனோடு ஏறி இறங்கும் ஒவ்வொரு மணலும் சிறிது சிறிதாக வடக்கே நகர்கிறது. அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமும் பெருமளவு மணலைச் சுமந்து செல்கிறது. ஒரு தேங்காய் மட்டையை அங்கே எறிந்துவிட்டு, அதனோடு கரையில் நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் அது எவ்வளவு தொலைவு போகிறது என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இந்த ஓட்டம் வடக்கு நோக்கியே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் தெற்கே திரும்புகிறது. கணக்கைக் கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கே போகிறது. உங்கள் சிறுவயதில் நீங்கள் ஓடி விளையாடிய மணலும் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, சிறிது காலம் தங்கி, மரக்காணம் நோக்கிப் போய்க்கொண்டிருந்ததுதான். போகும் அளவுக்குப் புதிது வந்துகொண்டிருந்ததால் கரை நிலையாகத் தோன்றியது.

அந்த வரவை எதாவது மறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே பழைய சான்று. 1875-இல் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்ப் பணி தொடங்கிய பிறகு, வடக்கே செல்ல வேண்டிய மணல் தெற்கே தேங்கி, இன்று நாம் காணும் அகன்ற மெரினாவாயிற்று. துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்து, கல்சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. மெரினாவின் அழகைப் பேசும்போது வடசென்னை கொடுத்த விலையையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பகுதியில் இதே கதை 1980-களின் பிற்பகுதியில் தொடங்கியது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு தடுப்புச்சுவர்கள் எழுந்தன. தெற்குச் சுவரை ஒட்டி மணல் குவிந்தது. வடக்கே நகரக் கடற்கரை மறைந்து கருங்கல் வரிசையாயிற்று. நகரத்தைக் காக்கக் கல் போட்டதும் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கே கல் போட்டதும் அதற்கடுத்த ஊருக்கு வந்தது. அந்த வரிசையில்தான் உங்கள் ஊரும் நிற்கிறது.

தனி மனைக்குக் கல் கொட்டுவது ஏன் கூடாது என்பது இப்போது விளங்கும். மணற்சரிவு அலையின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். கல்லோ அதில் ஒரு பகுதியைத் திருப்பியடிக்கும். திரும்பிய அலை கல்லின் அடியைத் தோண்ட, கல் சரியும். கல் வரிசை முடியும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் நிலம் பிறை வடிவில் வெட்டுப்படும். ஊர்க்கூட்டங்களில் கேட்கப்படும் தூண்டில் வளைவுக்கும், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவருக்கும், இந்தக் குறை உண்டு: தென்பக்கத்தில் மணல் சேர்த்துக் கொடுக்கும், வடபக்கத்து ஊரின் மணலைப் பறிக்கும். படகு நிறுத்த இடமின்றித் தவிக்கும் மீனவர் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் ஊருக்கு மட்டும் என்று கேட்பது அடுத்த ஊரின் துயரத்தைத் தொடங்கிவைப்பதாகும். மேலும், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி உரிய அனுமதி பெறாமல் அங்கே எதையும் கட்ட இயலாது.

லாரி மணலின் நிலை இதைவிட எளிது. பத்துக் கனமீட்டர் அளவில் ஏற்றிவரும் டிப்பர் ஐம்பது நடை அடித்தாலும் ஐந்நூறு கனமீட்டர்தான். ஐப்பசிக் கடல் அதைச் சில நாட்களில் கொண்டுபோய்விடும். மணல் நிரப்புதல் பயன் தர வேண்டுமானால் அது பேரளவிலும் தொடர்ச்சியாகவும் நடைபெற வேண்டும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை நகரக் கடற்கரைக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல், தேங்கும் மணலைக் குழாய் வழியே மறுபக்கத்துக்குச் செலுத்திவருகிறார்கள். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் அத்தகைய ஏற்பாடு இருந்தது. அது தொடர்ந்து இயங்கவில்லை என்பதே உங்கள் ஊரின் இழப்புக்கு வேர்.

நீங்கள் செய்யக்கூடியது இது. வீட்டுச் சுவரின் மூலை போன்ற அசையாத ஓர் இடத்திலிருந்து மணல்மேட்டின் விளிம்பு வரை, மாதம் ஒருமுறை நாடாவால் அளந்து தேதியுடன் குறித்து, அதே இடத்தில் நின்று படமும் எடுத்து வையுங்கள். மார்கழி அளவைச் சித்திரை அளவோடு ஒப்பிட்டு அஞ்ச வேண்டாம். மழைக்கால அலை இழுத்துக் கடலடித் திட்டாகக் குவிக்கும் மணலைக் கோடையின் மெல்லலை மீண்டும் கரைக்குத் தள்ளும். இந்தச் சித்திரையை அடுத்த சித்திரையோடு ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு அளவு குறைந்தால் அது தெற்கே மறிக்கப்பட்ட மணலின் குறைவு.

வீட்டுக்கு முன் மேடு எஞ்சியிருந்தால் அதைச் சமன்செய்யாதீர்கள். அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேடு, புயல் நாளில் கடலுக்குக் கொடுப்பதற்கென்று கரை சேர்த்துவைத்த மணல். புதிய அறையோ கழிப்பறையோ கட்டுவதானால் வீட்டின் மேற்குப் பக்கத்தில் கட்டுங்கள். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கரைமாற்ற வரைபடங்களைத் தயாரித்துள்ளது. அதில் உங்கள் ஊர்ப் பகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவுகளையும் அந்த வரைபடத்தையும் இணைத்து, அக்கம்பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளின் கையொப்பத்தோடு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு மனு அளியுங்கள். மனுவில் கல்லைக் கேட்காமல், தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே அனுப்பும்படி கேளுங்கள். துறைமுகம் புதுச்சேரியிலும் உங்கள் ஊர் தமிழ்நாட்டிலும் இருப்பதால், மனுவின் ஒரு படியைப் புதுச்சேரி அரசின் துறைமுகத் துறைக்கும் அனுப்பிவையுங்கள்.