கறள் பிடித்த ஸ்க்ரூவைக் கழற்ற எந்த இம்பாக்ட் டிரைவர்?

கேள்வி: என்னிடம் பழைய ஹொண்டா சீடி 125 மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காக வலப்பக்க எஞ்சின் கவரைக் கழற்றப் பார்த்தேன். பல ஸ்க்ரூக்கள் அசையவே இல்லை. இரண்டின் தலை வழுக்கிப் போய்விட்டது. சுத்தியலால் அடித்துக் கழற்றும் இம்பாக்ட் டிரைவர் வாங்கச் சொல்கிறார்கள். கடையில் மலிவுப் பெட்டியும் இருக்கிறது, ஜப்பான் சாமானும் இருக்கிறது. எதை வாங்குவது? நண்பரிடம் பற்றரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர் உண்டு, அது போதாதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நண்பரின் பற்றரி மெஷினை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அது தட்டுவது சுழலும் திசையில் மட்டும். ஸ்க்ரூவை நோக்கி அழுத்துவது உங்கள் கைதான். ஸ்க்ரூ தலையில் இருக்கும் நட்சத்திர வெட்டின் சுவர்கள் சற்றுச் சாய்வானவை. இறுகிய ஸ்க்ரூவைத் திருப்பும்போது அந்தச் சாய்வே பிட்டை, அதாவது வெட்டுக்குள் அமரும் முனைத் துண்டை, மேலே தள்ளிவிடும். அதைத்தான் வழுக்கல் என்கிறோம். ஏற்கெனவே தேய்ந்த தலையில் பற்றரி மெஷினை வைத்தால், மிச்சமிருக்கும் விளிம்பையும் ஒரு நொடியில் அரைத்துவிடும்.

கையால் அடிக்கும் டிரைவரின் உள்ளே சுருள் வடிவில் சரிந்த ஒரு தடம் இருக்கிறது. பின்தலையில் அடி விழுந்ததும் உடல் கீழே இறங்கும். இறங்கும்போதே அந்தத் தடம் முனையைச் சில பாகை திருப்பிவிடும். திரும்புகிற அதே கணத்தில் அடியின் பலமெல்லாம் பிட்டை வெட்டுக்குள் அழுத்திக்கொண்டிருப்பதால் அது ஏறி வழுக்க வழியில்லை. கூடவே, அந்த அதிர்ச்சி மரைக்குள் பிடித்திருக்கும் கறளையும் உடைக்கிறது. உங்கள் எஞ்சினில் இரும்பு ஸ்க்ரூ அலுமினிய உறைக்குள் ஏறியிருக்கிறது. உப்புக் காற்று படும் இடத்தில் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையைக் கவ்விக்கொள்ளும். ஒயில் மட்டும் விட்டு அதை இளக்குவது கடினம்.

இனி எதை வாங்குவது என்பது. டிரைவரின் உடலுக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம், பிட்டுக்குச் செலவழியுங்கள். உடல் தடித்த இரும்பு, உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சரிவுத் தடம். மலிவுப் பெட்டியில் வருவதுகூட வீட்டுப் பாவனைக்கு வருடக்கணக்கில் தாங்கும். அதனுடன் வரும் பிட்டுகள்தான் ஏமாற்றும். ஒன்றில் மென்மையான இரும்பாக இருந்து முறுக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் அடியில் சில்லாக உடையும். அதைவிடப் பெரிய குறை, அவை பெரும்பாலும் பிலிப்ஸ் எனப்படும் வழமையான நட்சத்திர அளவில் வருகின்றன.

உங்கள் ஹொண்டாவில் இருப்பது பிலிப்ஸ் அல்ல, ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானிய அளவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் பிட்டின் கூர் சற்று நீளம். ஜப்பான் ஸ்க்ரூவில் வைத்தால் கூர் முதலில் அடியைத் தொட்டுவிடும், சிறகுகள் சுவரில் முழுமையாகப் பதியாது. தலையில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்பதற்கு அடையாளம், எல்லா ஸ்க்ரூவிலும் அது இருக்காது. கொழும்பில் ஓடும் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள்களில் தலை போன ஸ்க்ரூக்களைப் பார்க்கும்போதெல்லாம், கறளை விடப் பிழையான திருப்புளிதான் அதிகம் கெடுத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

ஆகவே வெஸல், கோக்கென் போன்ற ஜப்பான் கம்பனிகளின் 2ஆம், 3ஆம் இலக்கப் பிட்டுகளைத் தனியாகத் தேடி வாங்குங்கள். எஞ்சின் கவரின் 6 மில்லிமீற்றர் (மரையின் விட்டம்) ஸ்க்ரூவுக்குப் பொதுவாக 3ஆம் இலக்கம். 5 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்ததும் என்றால் 2. பலர் எல்லாவற்றுக்கும் 2ஐ வைத்துத் திருப்பித்தான் தலையைக் கெடுக்கிறார்கள். கிடைக்காவிட்டால், நல்ல பிலிப்ஸ் பிட் ஒன்றின் கூர் நுனியை மட்டும் கிரைண்டரில் மிகக் கொஞ்சம் தட்டையாக்கிப் பாருங்கள், ஆழமாக அமரும்.

பிட்டின் அறுகோணத் தண்டு 8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பற்றரி மெஷினுக்கு வரும் 6.35 மில்லிமீற்றர் தண்டு சுத்தியல் அடிக்கு மெல்லியது. டிரைவரின் முனை அரை அங்குலச் சதுரமாக இருந்தால் நல்லது, பிறகு சொக்கட்டும் மாட்டலாம் (இம்பாக்டுக்கான கறுப்புச் சொக்கட், பளபளக்கும் குரோம் சொக்கட் வெடித்துத் தெறிக்கும்). கொழும்பில் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளிலோ பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலோ வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். முனையை ஒரு பலகையில் ஊன்றி அழுத்தினால் பிட் திரும்ப வேண்டும், விட்டதும் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிட் பிடியில் அதிகம் ஆடினால் அடியின் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும், வேண்டாம். கையைக் காக்கும் றப்பர் வளையம் இருந்தால் இன்னும் நல்லது.

கழற்றும் முறைக்கு வருவோம். முந்தின இரவே ஊடுருவும் ஒயில் விட்டு வையுங்கள். காலையில் வெட்டுக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் தோண்டி எடுங்கள்; இதைச் செய்யாமல் விட்டால் எவ்வளவு விலையான பிட்டும் அமராது. தலை வழுக்கிய இரண்டையும் முதலில் உருண்டைத் தலைச் சுத்தியலால் நேராக மெதுவாகத் தட்டி, பிதுங்கிய உலோகத்தை உள்ளே தள்ளுங்கள். பிறகு 3ஆம் இலக்கப் பிட்டை மட்டும் வைத்துத் தட்டினால் வெட்டு ஓரளவு மறுபடி உருவாகும். பிட் நுனியில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் (வால்வ் தேய்க்கும் சொரசொரப்பான பசை) கொஞ்சம் பூசினால் பிடி கூடும்.

டிரைவர் கழற்றும் திசையில் இருக்கிறதா என்று அடிக்கு முன் பாருங்கள். மறந்தால் இன்னும் இறுக்கிவிடுவீர்கள். உடலை இடப்பக்கமாக முறுக்கிப் பிடித்தபடி, கால் கிலோ சுத்தியலைத் தவிர்த்து அரைக் கிலோவுக்கு மேற்பட்டதால் ஒரே நேரான, உறுதியான அடி. பத்துச் சின்னத் தட்டல் ஒரு நல்ல அடிக்கு ஈடாகாது. சாய்த்து அடித்தால் கவர் வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள், எஞ்சின் ஒயிலை முதலே வடித்துவிடுங்கள்.

எதற்கும் அசையாத ஸ்க்ரூவின் தலையை ட்ரில் பண்ணி எடுத்துவிடலாம். தலை போனதும் இறுக்கம் போய்விடும். கவரை இழுத்தெடுத்த பின் நீட்டி நிற்கும் தண்டைக் கிறிப் பிளயரால் பிடித்தால் பல வேளைகளில் கையோடு வரும்.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள்களின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மூடியிலும், எந்தச் சைக்கிளின் காபரேட்டரிலும் மட்டும் இந்த டிரைவரை வைக்காதீர்கள். அவை மெல்லிய வார்ப்பு, ஒரு அடிக்கு உடைந்துவிடும். அங்கே ஜே.ஐ.எஸ். திருப்புளியும் கை அழுத்தமும்தான்.

திரும்பப் பூட்டும்போது பழைய ஸ்க்ரூவை எறிந்துவிட்டு 6 மில்லிமீற்றர் அலன் போல்ட்டுகளை (தலையில் அறுகோணக் குழி உள்ளவை) போடுங்கள். நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள், ஒரே கவரில் வெவ்வேறு நீளம் வரும். மரையில் செப்புக் கிறீஸ் பூசி, 10 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்குங்கள். இம்பாக்ட் டிரைவரால் இறுக்க வேண்டாம், அலுமினிய மரை கழன்றுவிடும். பஞ்சிகாவத்தைக்குப் போகும்போதே கவர் காஸ்கெட் ஒன்றும் வாங்கி வாருங்கள், பழையது கிழியாமல் வராது.