பதில்: நூலக மாற்றத் திட்டம், எல்லா யோசனையும் ‘பட்ஜெட் இல்லை’ என்றே முடிகிறது

முதல் கூட்டத்தில் பட்ஜெட் பேச்சையே எடுக்காதீர்கள். அதற்கு வேறொரு நாள் வையுங்கள். திட்டம் நகராததற்குப் பெரும்பாலும் பணம் காரணமாக இருக்காது. யோசனை சொன்ன நிமிடமே அதை எடைபோடுவதுதான் சிக்கல்.

1951-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடமான பெல் ஆய்வகத்தில், தொலைபேசி அமைப்பு முழுதும் நேற்றிரவு அழிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு புதிதாக வடிவமைக்கச் சொன்னார்கள். நிபந்தனை இரண்டுதான்: அன்றைக்கு இருந்த தொழில்நுட்பத்தில் முடிய வேண்டும், நடைமுறையில் ஓட வேண்டும். உங்கள் நூலகத்தையும் அப்படியே புதிதாக யோசியுங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். ‘முடியாது’ என்று வரும் ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த விதி, யார் கையெழுத்து என்று எழுதுங்கள். காலியாக நிற்பவை வெறும் பழக்கம், தாராளமாகக் கைவைக்கலாம்.

அவசர வெளியேறும் வழியும் தளத்தின் தாங்குதிறனும் மட்டும் முதல் நாளே மேசைக்கு வரட்டும். நெருக்கி அடுக்கிய புத்தக அலமாரி, வாசிப்பறைத் தளத்துக்குக் கணக்கிட்ட பாரத்தைத் தாண்டிவிடும். பொறியாளரைக் கேட்காமல் இடம் மாற்றாதீர்கள்.